கொடுமணலின் உலைக்களம்

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் இருக்கும் கொடுமணல், மேலைக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வெள்ளலூர் வழியாகச் சேரர் தலைநகரான கரூரை அடைந்த பழைய பெருவழியில் அமைந்த தொழிலூராகும். கரூருக்கு எதிரே காவிரியைத் தாண்டினால் மோகனூரும், அதற்கு வடக்கே நாமக்கல், சேலம் சமவெளியும் விரிவதால், இரும்புக் கனிமம் நிறைந்த கொல்லிமலையும் கஞ்சமலையும்கூட இப்பெருவழிக்கு எட்டாத தொலைவில் இருக்கவில்லை. பதிற்றுப்பத்தின் இரு பாடல்கள் அணிகலன்களோடு சேர்த்துப் பேசும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோரைக் கொண்டும், 2012இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ராஜனின் தலைமையிலும், பின்னர் மாநிலத் தொல்லியல் துறையும் இங்கு அகழாய்வு நடத்தியுள்ளன.

ரோமானியர் ஆண்ட பிரிட்டனில், வாட்லிங் தெரு போன்ற நெடுஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில், சாலையைப் பார்த்த குறுகிய முகப்பில் கடையும், பின்னே நீளும் பகுதியில் உலையும் பட்டறையுமாக அமைந்த தொழிற்கட்டடங்களின் அடித்தளங்கள் பல தோண்டியெடுக்கப்பட்டுள்ளன. அத்தகைய கல் அடித்தளம் எதையும் கொடுமணலில் எதிர்பார்ப்பதற்கில்லை. மரக்கால் நட்டுக் கூரை வேய்ந்த கொட்டகை மக்கி மறைந்தபின், கால்கள் நின்ற இடங்களில் வேறுநிற மண் நிரம்பிய குழிகளும், மிதிபட்டு இறுகிய தரையுமே மிஞ்சுகின்றன. கம்பக்குழிகள் எனப்படும் இவற்றின் வரிசையிலிருந்துதான் கூரையின் அளவை ஊகிக்க வேண்டும். கட்டடம் எதற்குப் பயன்பட்டது என்பதைச் சொல்வது சுவரன்று, தரையில் சிதறிக் கிடக்கும் கழிவே. இந்த வகையில் தொழிற்கூடத்தின் தொல்லியல் அரண்மனையின் தொல்லியலைவிட நேர்மையானது எனலாம். அரண்மனை தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியதைச் சொல்கிறது, பட்டறையோ தான் வேண்டாமென்று எறிந்ததைக் காட்டுகிறது.

குடியிருப்பின் தென்விளிம்பில் வெளிப்பட்ட இரும்புருக்கு உலை, 115 செ.மீ. விட்டமுள்ள வட்ட அடித்தளம் கொண்டது. மிகுந்த வெப்பத்தால் வெளுத்த மண், இரும்பிலிருந்து பிரிந்து கெட்டியான கசடாகிய கிட்டம், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் ஊதுகுழல்கள், சம்மட்டி அடி தாங்கிய கருங்கல் பலகை ஆகியவை அதைச் சூழ்ந்து கிடந்தன. ஊதுகுழல்களின் வாய் கண்ணாடிபோல் உருகியிருந்தது என்பதே உலை எட்டிய வெப்பத்துக்குப் போதிய சான்று. சற்றுத் தொலைவில் வேறொரு வகை உலையும் கிடைத்தது: நீள்வட்டமான பெரிய உலையொன்று நடுவில் இருக்க, 12 சிறு உலைகள் அதனைச் சுற்றியிருந்தன, உருகிய மேற்பரப்புடைய மூசைகளும், அதாவது உலோகத்தை அடைத்துச் சூடேற்றும் மண்கலங்களும், அங்கே காணப்பட்டன.

இவ்விரண்டும் ஒரே தொழிலின் இரு படிநிலைகள். முதல் உலையில் கனிமமும் கரியும் சேர்ந்து எரியும்போது கிடைப்பது கிட்டம் கலந்த மெல்லிரும்பு. அதை அடித்தடித்துக் கிட்டத்தை நீக்கினாலும் கூர்மை நிற்கும் கருவி அதிலிருந்து வராது. அதனைக் கரிப்பொருளோடு மூசையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, மீண்டும் கடுமையாகச் சூடேற்றினால், இரும்பு கரியைச் சிறிதளவு உட்கொண்டு எஃகாகிறது.

கல்மணித் தொழில் வேறு. படியூரின் பச்சைக்கல், சிவன்மலையின் நீலக்கல், தொலைவிலிருந்து வந்த சூதுபவளம் ஆகியவை மூலக்கல்லாகவும், பாதி தீட்டியவையாகவும், துளையிடப்படாத மணிகளாகவும் குடியிருப்புப் பகுதியிலேயே கிடைக்கின்றன. புகையும் தீப்பொறியும் ஊரின் விளிம்புக்குத் தள்ளப்பட, நுண்வேலை வீடுகளுக்கு நடுவே நடந்தது போலும். தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஐந்நூற்றுக்கு மேல் கிடைத்திருப்பதும், அவற்றுள் ஒன்றில் வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற சொல் காணப்படுவதும், இப்பட்டறைகளுக்குப் பின்னால் கணக்கறிந்த வணிகர் இருந்ததைக் காட்டுகின்றன.

இதையெல்லாம் ரோமானியப் பொன்னின் விளைவாகக் கொள்வது எளிது. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுப் புதையலும் அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டும். ஆனால் கரிமக் காலக்கணிப்பு கொடுமணலின் கீழடுக்குகளைக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டு செல்கிறது. பருவக்காற்றைப் பயன்படுத்தி ரோமானிய எகிப்தின் கப்பல்கள் பெருமளவில் முசிறிக்கு வந்ததோ கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு. ஆகவே ரோமானியர் உலைக்களத்தை உண்டாக்கியவரல்லர், பல தலைமுறைகளாக எரிந்துகொண்டிருந்த உலைக்குப் பிற்காலத்தில் வந்த வாடிக்கையாளர். அருகில் கனிமமும் கல்லும் இருந்ததால் ஊர் உண்டாயிற்று. பெருவழி அதன் சரக்கைத் தொலைதூரத்துக்குக் கொண்டு சென்றது.

கொடுமணல் ஏறத்தாழ கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் மங்கியபின்னும் மூசை எஃகு அழியவில்லை. 1830களில் சேலம் பகுதித் தொழிலை நேரில் அறிந்து எழுதிய ஜோசையா மார்ஷல் ஹீத், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர். கரித்த உமி கலந்த களிமண்ணால் மூசை செய்து, இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்கட்டையை வைத்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கிச் சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதிய முறையை அவர் விவரிக்கிறார். கொடுமணலின் உருகிய மூசைத் துண்டுகளைப் படித்தறிய இந்த விவரமே இன்றளவும் நல்ல துணை. எகிப்தியர் தம் கல்தூண்களில் எழுத்துப் பொறித்த உளிகள் இந்திய எஃகால் ஆனவையே என்றும் ஹீத் துணிந்து கூறினார். அது ஆர்வ மிகுதியில் பிறந்த ஊகம். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்து ரோமானிய அரசு, கீழை நாட்டுச் சரக்குகளில் சுங்கம் விதிக்கத்தக்கவற்றைப் பட்டியலிட்டபோது, மிளகோடும் மணிக்கற்களோடும் இந்திய இரும்பையும் சேர்த்தது என்பதே உறுதியான செய்தி.