2007 பிரித்தானியக் குழந்தை உதவித்தொகைத் தரவு இழப்பு

2007 பிரித்தானியக் குழந்தை உதவித்தொகைத் தரவு இழப்பு என்பது, ஐக்கிய இராச்சியத்தின் வருவாய், சுங்கத் துறை அனுப்பிய இரண்டு குறுவட்டுகள் வழியில் காணாமற்போன நிகழ்வைக் குறிக்கும். அவற்றில் ஏறத்தாழ 2.5 கோடி பேரின் விவரங்கள் இருந்தன. அத்துறையின் கணினிக்குள் யாரும் ஊடுருவவில்லை. அன்றாட அலுவலகப் பணி ஒன்றின்போதே இந்த இழப்பு நேர்ந்தது. முக்கிய ஆவணங்கள் கைமாறிப் போகாமல் காக்கும் விதிகளை எவ்வாறு வகுப்பது என்று கற்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

நிகழ்வு

உதவித்தொகைக் கணக்கைச் சரிபார்ப்பதற்காகத் தேசியத் தணிக்கை அலுவலகம் பயனாளிகளின் பட்டியலைக் கேட்டிருந்தது. வங்கிக் கணக்கு விவரங்கள் தனக்குத் தேவையில்லை என்று 2007 மார்ச் மாதத்திலேயே அது தெரிவித்தது. அவற்றை நீக்கித் தருவதற்குக் கணினிச் சேவை நிறுவனத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. எனவே முழுத் தொகுப்பும் அப்படியே நகலெடுக்கப்பட்டது.

2007 அக்டோபர் 18 அன்று, வடகிழக்கு இங்கிலாந்தின் வாஷிங்டன் என்னும் ஊரிலுள்ள அலுவலகத்திலிருந்து இரண்டு குறுவட்டுகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்குக் கடவுச்சொல் இருந்தது; மறையாக்கம் செய்யப்படவில்லை. பொதி பதிவு செய்யப்படாததால் அது எங்கே போயிற்று என்று தேட வழியில்லை. அது வந்து சேரவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு நகல் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. அது பத்திரமாகச் சேர்ந்தது.

பெற்றோர், குழந்தைகளின் பெயர், முகவரி, பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை அந்தக் குறுவட்டுகளில் இருந்தன. 72.5 இலட்சம் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் இதை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். துறைத் தலைவர் பால் கிரே பதவி விலகினார். குறுவட்டுகள் கிடைக்கவேயில்லை.

விளைவுகள்

கீரன் பாய்ன்டர் நடத்திய விசாரணையின் அறிக்கை 2008 ஜூன் மாதம் வெளிவந்தது. இழப்பை முற்றிலும் தவிர்த்திருக்கலாம் என்று அது முடிவு செய்தது. கடுமையான தரவு மீறல்களுக்கு 5 இலட்சம் பவுண்டு வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் 2010 ஏப்ரல் முதல் பிரித்தானியத் தகவல் ஆணையருக்குக் கிடைத்தது.

தரவு இழப்புத் தடுப்பு விதிகள்

மனிதரின் கவனத்தை மட்டும் நம்பாமல், விதியைக் கணினியே செயற்படுத்தும் மென்பொருள்கள் அக்காலத்தில் பரவத் தொடங்கியிருந்தன. இத்துறையில் முன்னோடியான வோன்ட்டு நிறுவனத்தை 35 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சைமன்டெக் நிறுவனம் அறிவித்ததும் அதே 2007 நவம்பரில்தான்.

இத்தகைய விதி ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, எதைக் காப்பது என்பது. பிரித்தானியத் தேசியக் காப்பீட்டு எண் இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், ஒரு எழுத்து என்ற அமைப்புடையது. எனவே கணினி அதை எளிதில் அடையாளம் காணும். இரண்டாவது, எந்த வழியைக் கண்காணிப்பது என்பது. மின்னஞ்சல், குறுவட்டு, கையடக்க நினைவகம், அச்சு ஆகியவை அவ்வழிகள். மூன்றாவது, என்ன செய்வது என்பது. ஒரு கடிதத்தில் ஓர் எண் இருப்பது இயல்பு. ஆயிரக்கணக்கான எண்கள் ஒரே கோப்பில் வெளியேறினால் அதைத் தடுக்க வேண்டும், அல்லது மறையாக்கம் செய்தே அனுப்ப வேண்டும்.

தொடக்கத்திலேயே தடுத்தால் முறையான பணியும் நின்றுவிடும். ஊழியர்களும் குறுக்குவழி தேடுவர். ஆகவே புதிய விதியை முதலில் பதிவு செய்யும் நிலையில் மட்டும் இயக்கி, தவறான எச்சரிக்கைகளைக் களைந்து, பிறகு எச்சரிக்கவும் இறுதியில் தடுக்கவும் அமைப்பது வழக்கம்.

ஆயினும் மென்பொருளுக்கு முன்னால் மனிதர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. தணிக்கை அலுவலகம் கேட்டபடி வங்கி விவரங்களை நீக்கியிருந்தால், பொதி தொலைந்தபோதும் அக்குடும்பங்களின் கணக்கு விவரங்கள் வெளியே போயிருக்கா. தேவையற்றதை அனுப்பாமல் இருப்பதே முதல் விதி.