நாற்காலியில் ஆவியைக் கீறுவதா?

ஓ.எல். இங்கிலிஷ் லிற்றரேச்சர் எண்டதும் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வாறது, ரீச்சர் சொல்லச் சொல்ல எழுதின நோட்ஸ் கொப்பிதான். கவிதையை வாசிச்சது குறைவு, கவிதையைப் பற்றின குறிப்பைப் பாடமாக்கினது கூட. இப்போது சில வகுப்புகளில் கன்வா போன்ற ஒன்லைன் கருவிகளைக் கொண்டு, படிக்கிற கதையைப் பிள்ளைகளே படக்கதையாகச் செய்கிறார்கள். உடனே, "படம் கீறுறதோ படிப்பு?" என்ற கேள்வியும் வருகிறது. இது பழைய சண்டை.

மொறேவியாவில் பிறந்த கொமேனியஸ் என்ற ஆசிரியர், 1658இல் நியூரம்பேர்க்கில் ஒரு படப் பாடநூலை வெளியிட்டார். லத்தீன் படிக்கிற பிள்ளைகளுக்கானது. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம்; கீழேயுள்ள வசனத்திலும் அதே இலக்கம். சொல்லும் பொருளும் சேர்ந்தே மனதில் ஏற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அடுத்த ஆண்டே அதன் ஆங்கிலப் பதிப்பும் வந்துவிட்டது.

மொழிக்குச் சரி, இலக்கியத்துக்கு? 1941இல் அமெரிக்காவில் அல்பேர்ட் கான்ரர் என்பவர் பெரிய நாவல்களைக் கொமிக்ஸ் ஆக்கத் தொடங்கினார். முதலாவது, டூமாவின் மூன்று மஸ்கட்டியர்கள். 1947இல் இந்த வரிசைக்கு 'கிளாசிக்ஸ் இலஸ்ட்ரேட்டட்' என்று பெயர் மாறியது. மூலநூலையும் வாசியுங்கோ எண்டு அந்தப் புத்தகங்களே பிள்ளைகளிடம் கேட்டன. ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே! கொமிக்ஸை மட்டும் வாசித்துவிட்டு நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தார்கள்.

1954இல் மனநல மருத்துவர் வேர்தம், கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க செனற் வரை விசாரணை போனது. வேர்தம் தன் தரவுகளைத் திரித்திருந்ததை 2012இல் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் வெளிக்கொண்டு வந்தார். இதற்கிடையில், 1992இல், ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' என்ற படக்கதைக்குப் புலிட்சர் சிறப்பு விருதே கிடைத்திருந்தது.

இந்தச் சண்டை முழுக்க, படம் நல்லதா கெட்டதா என்பதைச் சுற்றியே நடந்தது. படத்தை ஆர் கீறுறது என்ற கேள்விதான் வகுப்பறைக்கு முக்கியம் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

மக்பெத் நாடகத்தை எடுப்பம். கொலை செய்யப்பட்ட பாங்க்வோவின் ஆவி விருந்தில் வந்து மக்பெத்தின் இடத்தில் அமர்கிறது. மக்பெத்துக்கு மட்டுமே அது தெரிகிறது. 1794இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இதை மேடையேற்றிய ஜோன் பிலிப் கெம்பிள், ஆவியாக எந்த நடிகரையும் கொண்டுவரவில்லை. வெறும் நாற்காலியைப் பார்த்துத்தான் மக்பெத் நடுங்கினான்.

ஒன்லைன் கருவியில் அந்தக் காட்சிக்கு ஒரு கட்டம் போடுகிற பிள்ளைக்கும் அதே பிரச்சினை வரும். ஆவியைக் கீறினால் நாங்கள் மக்பெத்தின் கண்ணால் பார்க்கிறம். கீறாவிட்டால் விருந்தாளிகளின் கண்ணால் பார்க்கிறம். எது சரி? பதில் நோட்ஸ் கொப்பியில் இல்லை. திரும்பவும் நாடகத்துக்குள்ளேதான் போக வேண்டும். கதைமாந்தரின் பார்வை என்று பரீட்சையில் கேட்பதும் இதைத்தான்.

ஆனால் கருவி மட்டும் இதைச் செய்யாது. ஆயத்தமாக இருக்கிற உருவங்களை இழுத்து ஒட்டினாலும், ஒரு பொத்தானை அமத்திச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கீறுவித்தாலும், கான்ரரின் கொமிக்ஸை வாங்கினது போலத்தான். முடிவை வேறு ஆரோ எடுத்தாச்சு. அதனால் படத்துக்குப் புள்ளி போடுவதை விட, "ஏன் இப்பிடிக் கீறினனி?" என்று ரீச்சர் கேட்பது பிரயோசனம்.

டேட்டாவும் கொம்பியூட்டரும் இல்லாத பள்ளிக்கூடங்கள் எங்கட பக்கம் இன்னும் இருக்கு. அங்கே ஒரு தாளை ஆறு கட்டமாக மடிச்சாலும் காணும். நாற்காலியில் ஆவியைக் கீறுவதா என்ற கேள்விக்கு இன்ரநெற் தேவையில்லை.