மூக்குத் தூய்மையும் நேத்தி என்னும் பெயரும்

இடுக்கி மாவட்டத்தின் காந்தலூர், மறையூர் ஊர்களைச் சூழ்ந்த அஞ்சுநாட்டுப் பாறைச் சரிவுகளில் பெருங்கற்காலக் கற்றிட்டைகள் பல நிற்கின்றன. இறந்தோர்க்கென எழுப்பப்பெற்ற இவற்றை அப்பகுதி மக்கள் முனியறை என வழங்குவர். முனிவர் தங்கித் தவமியற்றிய அறை என்பது அப்பெயர்க்கு அவர்கள் தரும் விளக்கம். ஈண்டுப் பொருள் பழையது, பெயர் பிற்பட்டது. முனிவர்க்கும் யோகியர்க்கும் உரியனவாகப் பேசப்படும் உடல் தூய்மை முறைகளுள் ஒன்றான நேத்தியின் நிலையோ இதற்கு மறுதலையானது. அங்குப் பெயர் பழையது. அப்பெயரால் இன்று சுட்டப்பெறும் செயல் வேறு.

இக்காலத்து யோகப் பயிற்சி நிலையங்களில் நேத்தி என்றவுடன் நினைவுக்கு வருவது மூக்குடைய சிறு கெண்டியாகும். இளஞ்சூடான உப்புநீரை ஒரு நாசியில் ஊற்றி, மறு நாசி வழியே வெளியேற்றுவதே பெருவழக்கு. ஆனால் ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையில் நேத்தி என்பது நீரோடு தொடர்புடையதன்று. ஒரு சாண் அளவினதாகிய, வழவழப்பான நூலை நாசியுட் செலுத்தி வாய்வழியே வெளிக்கொணர்தலையே அந்நூல் நேத்தி என்கிறது. தௌதி, வஸ்தி, நேத்தி, திராடகம், நௌலி, கபாலபாதி என அது கூறும் அறுதொழில்களுள் எதிலும் மூக்கை நீரால் கழுவுதல் இடம்பெறவில்லை.

காலத்தால் பிற்பட்ட கேரண்ட சங்கிதையும் நேத்தியை நூலைக் கொண்டே விளக்குகின்றது. எனினும் இந்நூலில் நீர்முறை உண்டு. அது வேறொரு தலைப்பின்கீழ் வைக்கப்பட்டுள்ளது. பிரதீபிகையில் துருத்திபோல் விரைந்து மூச்செறிதலாக அமைந்த கபாலபாதியை இந்நூலாசிரியர் மூன்றாக வகுக்கிறார். அவற்றுள் வியுத்கிரமம் என்பது நாசியால் நீரை உள்ளிழுத்து வாயால் உமிழ்தல்; சீத்கிரமம் என்பது வாயால் நீரை உறிஞ்சி நாசியால் வெளிவிடுதல். நாசிக்கு நாசி நீர் செலுத்தும் இன்றைய முறை இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. கெண்டியும் இங்குப் பேசப்படவில்லை. எனவே, நீர்நேத்தி ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்னும் பொதுக்கூற்றுக்கு இந்நூல்களில் சான்று தேடுதல் பயனற்றது.

இச்செயல்கள் எவர்க்கு உரியன என்பதிலும் பழைய நூல் வரையறை செய்துள்ளது. கொழுப்பும் கபமும் மிக்கோரே அறுதொழிலை மேற்கொள்ளல் வேண்டும். முக்குற்றமும் சமநிலையிலுள்ளோர்க்கு அது வேண்டுவதன்று என்பது பிரதீபிகையின் கருத்து. பிராணாயாமம் ஒன்றாலேயே அழுக்கனைத்தும் நீங்கும் எனக் கொண்ட ஆசிரியர்களும் இருந்தனர் என அந்நூலே குறிப்பிடுகின்றது. அறுதொழில் அந்நாளிலேயே கருத்து வேறுபாட்டுக்கு உட்பட்டிருந்தது என்பது இதனால் பெறப்படும். நாள்தோறும் அனைவரும் செய்யத்தக்க கடமையாக அதனைக் கருதுவது பிற்கால வழக்கேயாகும்.

தமிழ் மரபை நோக்குங்கால், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எண்ணுறுப்பு யோகத்தையும் மூச்சுப் பயிற்சியையும் விரித்துரைப்பினும், அறுதொழிலை ஒரு தொகுதியாக எடுத்தோதவில்லை. தமிழகத்தில் மூக்குத் தூய்மை யோகத்தின் பாற்படாது மருத்துவத்தின் பாற்பட்டே வளர்ந்தது. சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பகுத்து, அவற்றுள் நசியத்தையும் நாசிகாபரணத்தையும் சேர்த்துள்ளது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிப் பாடல் இதற்குக் கால அளவையும் வகுக்கின்றது. ஆறு திங்கட்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு திங்கட்கு ஒருமுறை பேதி மருந்தும், ஒன்றரைத் திங்கட்கு ஒருமுறை நசியமும், நான்கு நாட்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. இவ்வரிசையில் வைத்து நோக்கினால்தான் நசியத்தின் இயல்பு விளங்கும். மூலிகைச் சாற்றையோ தைலத்தையோ துளியளவில் நாசியிலிட்டுத் தலையில் தங்கிய கபத்தை இளக்குதல் அதன் நோக்கம். மருந்தாதலின் அதற்கு இடைவெளி உண்டு, நாளும் செய்வதன்று.

பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே வாக்படரின் அஷ்டாங்க இருதயம் பெற்ற செல்வாக்குப் பெரிது. மூக்கின் வழிச் செல்லும் மருந்து தலை முழுவதும் பரவும் என்னும் அடிப்படையில் அந்நூல் நசிய விதிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளது. 1902இல் தொடங்கப்பெற்ற கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை போன்ற நிறுவனங்கள் இம்மருத்துவத்தை நவீன அமைப்பில் நிலைநிறுத்தின. கணவாயின் இருபுறத்தும் நசியம் என்ற சொல் ஒன்றே. நாசியில் இடப்படுவது மருந்தே, கழுவுநீர் அன்று.

நூல், நீர், மருந்து எனத் தனித்தனியே இயங்கிய மூன்றும் 20ஆம் நூற்றாண்டில் நெருங்கின. குவலயானந்தர் 1924இல் லோனாவலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகச் செயல்களை ஆய்வுக்கூடச் சோதனைக்கு உட்படுத்தினார். திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, பின் ரிஷிகேசத்தில் துறவு பூண்ட சிவானந்தரின் எழுத்துகள் அறுதொழிலைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தன. அவர் மாணாக்கர் சத்தியானந்தர் முங்கேரில் அமைத்த பள்ளியின் வழியாக உப்புநீரும் கெண்டியும் கொண்ட முறை ஐரோப்பா வரை பரவிற்று. நூலினும் நீர் எளிது, அஞ்சுதற்குரியதும் அன்று. பயிற்சி மக்கள்மயமான காலத்தில் எளியது வென்று, பழம்பெயரையும் தனதாக்கிக்கொண்டது எனக் கருத இடமுண்டு. மேலை மருத்துவர்களும் நாட்பட்ட சைனஸ் அழற்சிக்கு உப்புநீர்க் கழுவுதலை ஏற்றனர். ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு என்பது குருதியின் உப்புச் செறிவோடு ஒத்த அளவாதலின் நாசிச் சவ்வு எரிவதில்லை.

எந்நீர் என்னும் வினா இம்மாற்றத்தில் உரிய கவனம் பெறவில்லை. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் காய்ச்சாத குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் நெக்லேரியா ஃபௌலெரி என்னும் அமீபாவால் மூளை அழற்சியுற்று இறந்தனர். குடிநீரோடு வயிற்றுள் செல்லும்போது தீங்கு செய்யாத இவ்வுயிரி, நாசியுள் புகின் மணநரம்பைப் பற்றி மூளையை அடையும். கேரளத்தில் 2016இல் ஆலப்புழையில் அமீபா மூளை அழற்சி அறியப்பட்டது. 2024இல் கோழிக்கோடு, மலப்புறம், கண்ணூர் மாவட்டங்களில் குழந்தைகள் இதனால் உயிரிழந்தனர். குளம், ஆறு முதலியவற்றில் குளித்ததே அவற்றுட் பெரும்பாலானவற்றின் காரணமாக ஐயுறப்பட்டது, நேத்தி அன்று. எனினும் நுழைவாயில் ஒன்றே ஆதலின், காய்ச்சி ஆறவைத்த நீரையோ வாலைநீரையோ அன்றிப் பிறிதொன்றை நாசியில் செலுத்தலாகாது என்பது மருத்துவத் துறையினரின் அறிவுரை.

நீரைக் காய்ச்சிச் சுருக்கியும், மோரைப் பெருக்கியும், நெய்யை உருக்கியும் உண்ணுமாறு தேரையர் மரபு கூறுவதைக் காட்டி, நுண்ணுயிரை அவர் முன்னரே அறிந்திருந்தார் என உரைப்பாரும் உளர். அப்பாடலின் பேச்சு உண்பனவும் பருகுவனவும் பற்றியது; நாசிக்குரிய நீரைப் பற்றியது அன்று. அவர் நாசிக்கு விதித்தது ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை இடும் நசியம் மட்டுமே.