அன்பால் செத்த குதிரைகள்: பாண்டியர் லாயத்திலிருந்து ஒரு மருத்துவப் பாடம் (நீண்ட இழை)

1. வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறார் ஒரு ராஜா. வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 100 கூட மிஞ்சவில்லை. போரில் சாகவில்லை. லாயத்திலேயே செத்துப்போச்சு. இடம்: நம்ம பாண்டிய நாடு. காலம்: 13-ஆம் நூற்றாண்டின் கடைசி. எழுதி வைத்தவர் மார்கோ போலோ.

2. அந்தக் குதிரைகளைப் பட்டினி போட்டாங்களா? இல்லவே இல்லை. சோறு, வேகவைத்த இறைச்சி, நெய், பால் என்று விருந்து வச்சிருக்காங்க. அதுதான் இந்தக் கதையில் நாம கவனிக்க வேண்டிய இடம். கொஞ்சம் பொறுமையா படிங்க, கடைசியில் நம்ம வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கும் வருவோம்.

3. முதலில் வியாபாரம். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த காயல் அன்றைக்குப் பெரிய துறைமுகம். ஹோர்முஸ், கிஷ், ஏடன், தோஃபார் பகுதிகளிலிருந்து அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கும். ஒரு குதிரையின் விலை 100 மார்க் வெள்ளிக்கும் மேல் என்கிறார் போலோ. இன்றைய எடையில் 20 கிலோ வெள்ளியைத் தாண்டும். ஒரே ஒரு குதிரைக்கு!

4. அதே காலத்தைப் பற்றி எழுதிய இன்னொருவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அதே விலை என்று ஒப்பந்தம் இருந்ததாகச் சொல்கிறார். மாபார் (அரபிகள் நம்ம கடற்கரைக்கு வைத்த பெயர்), காம்பே முதலிய துறைமுகங்களுக்கு வருஷத்துக்கு 10,000 குதிரை போனதாம். பணம் எங்கிருந்து? கோயில் வருமானத்திலிருந்து என்கிறார்.

5. அதாவது, செத்துக்கொண்டே இருந்தது குதிரை மட்டுமில்லைங்க. ஒரு நாட்டின் தங்கமும் கூடவே கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது.

6. சரி, ஏன் செத்தது? லாடம் அடிக்கத் தெரிந்தவர், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இங்கே இல்லை என்கிறார் போலோ. வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்க முடியும்! கேட்கவே எரிச்சலா இருக்கு, ஆனா நம்ப முடியாத விஷயமில்லை.

7. வஸ்ஸாஃப் தரும் விவரம்தான் மருத்துவர்களுக்குப் பொக்கிஷம். பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லி, நெய் சேர்த்துச் சமைத்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். இப்படிக் கொடுத்து, முளையில் கயிற்றால் கட்டி 40 நாள் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பழக்கமே கொடுக்காமல் ஏறி வெறித்தனமாக ஓட்டுவார்களாம். கொஞ்ச நாளில் நல்ல குதிரையும் ஒன்றுக்கும் உதவாததாகிவிடும்.

8. இதை ஒரு கேஸ் ஷீட் மாதிரி படிங்க. 40 நாள் அசைவில்லை. முழுக்க மாவுச்சத்து, கொழுப்பு. 41-ஆம் நாள் திடீரென்று கடும் உழைப்பு. மனுஷனுக்கே இப்படிச் செய்தால் என்ன ஆகும்?

9. குதிரையின் வயிற்றைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம். 500 கிலோ உடம்புக்கு இரைப்பை வெறும் 8 முதல் 15 லிட்டர்தான். மாடு மாதிரி அசை போடாது. வாந்தியும் எடுக்க முடியாது. உண்மையான சமையல்கூடம் பின்னால், பெருங்குடலில் இருக்கு. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்க வைத்து சக்தியாக்கித் தருகின்றன. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயும் உடம்பு அது.

10. அதில் ஒரே வேளையில் நிறைய தானியத்தைக் கொட்டினால்? சிறுகுடல் திணறும். ஜீரணமாகாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகும். அங்கே லாக்டிக் அமிலம் பெருகும். நல்ல நுண்ணுயிர்கள் சாகும், நச்சுகள் ரத்தத்தில் கலக்கும். ஒன்று, கடுமையான வயிற்று வலி (கோலிக்). இல்லையென்றால் குளம்புக்குள் இருக்கும் மென்திசு வீங்கிக் கிழிகிற லாமினைட்டிஸ். நிற்கவே முடியாத வலி.

11. பாலும் அப்படித்தான். வளர்ந்த குதிரைக்கு லாக்டேஸ் நொதி மிகக் குறைவு. காய்ச்சிக் கொடுத்தாலும் பாலில் உள்ள சர்க்கரை ஜீரணமாகாது, பேதியாகும். தவிட்டை அளவில்லாமல் கொடுத்தால் இன்னொரு சிக்கல்: அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும். முக எலும்பு வீங்கும், கால் வலுவிழக்கும்.

12. அந்த 41-ஆம் நாள்? ஐரோப்பாவில் வண்டி இழுக்கும் குதிரைகளிடம் இதே கதை நடந்திருக்கு. ஞாயிறு லீவு, ஆனா தானியம் முழு அளவு. திங்கட்கிழமை வண்டியில் பூட்டியதும் தசை இறுகி, கருஞ்சிவப்புச் சிறுநீர் போய்க் கீழே விழும். பெயரே 'திங்கட்கிழமை நோய்'. தசை சிதைந்து, அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். இடிபாடுகளில் சிக்கியவர்களுக்கு வரும் ராப்டோமயோலிசிஸின் அதே பாதை. ஒரு ஞாயிறுக்கே இந்த நிலைமை என்றால், 40 நாளுக்கு?

13. நியாயமாகவும் பேசணும். தீனி மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. நம்ம கடலோரப் புழுக்கத்தில் வெளியூர்க் குதிரை வியர்க்கும் திறனையே இழக்கலாம். 'சுர்ரா' என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சல் உண்டு. அதன் கிருமியை 1880-ல் பஞ்சாபில் க்ரிஃபித் எவன்ஸ் கண்டுபிடிக்கும்வரை காரணமே தெரியாது. லாடமும் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் கொன்றிருக்கும்.

14. எண்களையும் அப்படியே விழுங்க வேண்டாம். இருவருமே வெளியூர்க்காரர்கள், கேட்டதையும் எழுதியவர்கள். 1311-ல் மாலிக் காஃபூர் தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கொண்டுபோனதாக தில்லி வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்காங்க. ஆக, எல்லாமும் சாகவில்லை. ஆனா சாவு அதிகம் என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள்.

15. 'நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?' என்று கோபப்பட வேண்டாம். தெரிந்திருந்தது. அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரிக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. தானியம், எண்ணெய், உப்பு, இறைச்சி, தயிர், வெல்லம் எல்லாம் அதில் இருக்கு, ஆனா ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டு. உயர்ந்த குதிரைக்கு ஒரு அளவு, நடுத்தரத்துக்குக் குறைவு. கூடவே புல். குட்டி போட்ட குதிரைக்கு மூன்று நாள் நெய், பிறகு வேறு உணவு. உடம்பு கூடுவதையும் குறைவதையும், பருவத்துக்கேற்ற தீனியையும் குதிரை வைத்தியர் கவனிக்கணும் என்றும் சொல்லியிருக்கு.

16. வித்தியாசம் புரியுதா? பொருள்கள் ஏறக்குறைய அதேதான். அளவும், வைத்தியரும், உடற்பயிற்சியும் காணாமல் போனபோது அதே பொருள்கள் விஷமாச்சு.

17. நம்ம ஊரில் இதற்கு ஒரு அழகான உதாரணம் கொள்ளு. ஆங்கிலத்தில் பெயரே குதிரைப் பயறு! புரதம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அரிசியைவிட மாவுச்சத்து குறைவு. பச்சையாகக் கொடுத்தால் அதில் உள்ள சில பொருள்கள் புரத ஜீரணத்தைத் தடுக்கும். அதனால்தான் ஊறவைத்து, வேகவைத்துக் கொடுத்தாங்க. பிரிட்டிஷ் காலத்திலும் தென்னிந்தியாவில் குதிரைத் தீனி என்றால் வேகவைத்த கொள்ளுதான்.

18. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு' என்று சொல்றோமே, அதில் முதலில் வருவது விதை இல்லை. ஆள் யார் என்பதுதான். முதலில் உடம்பைப் பார், பிறகு விதையைத் தேர்ந்தெடு. பாண்டியர் லாயத்தில் தவறியது இந்த வரிசைதான்.

19. இன்றைக்கு வருவோம். உலகம் முழுக்கக் குதிரைகளுக்கு 'இயற்கை மூலிகைத் தின்பண்டம்' பெரிய வியாபாரம். வெந்தயம், ஆளி விதை, புதினா, பூண்டு, சீரகம் எல்லாம் சேர்த்து உருண்டையாக வருது. தப்பா? எல்லாமே தப்பில்லை. 2005-ல் பிரிட்டனில் குதிரைகளுக்கு 15 சுவைகளைக் கொடுத்துப் பார்த்தாங்க. முதலிடம் எது தெரியுமா? நம்ம வெந்தயம்! இரண்டாவது வாழைப்பழம். சீரகமும் பட்டியலில் உண்டு. மருந்தையோ புதுத் தீனியையோ சாப்பிட வைக்க இது நல்ல உதவி.

20. ஆனா சுவை பிடிக்கிறது வேறு, நோய் தீர்வது வேறு. ஆளி விதையில் சயனைடை வெளிவிடக்கூடிய பொருள் இருக்கு. அதனால்தான் பழைய லாயங்களில் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுத்தாங்க. பூண்டு? அதே 2005-ல் கனடாவில் அதிக அளவு உலர்பூண்டு தின்ற குதிரைகளுக்குச் சிவப்பணு சிதைந்து ரத்தசோகை வந்தது. 'இயற்கைதானே' என்பது பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை.

21. இன்னொன்று. 2007-ல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமான போனிக் குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலின் அளவை மட்டும் உயர்த்தி வைத்தார்கள். 72 மணி நேரத்துக்குள் லாமினைட்டிஸ் வந்துவிட்டது. அதாவது கொழுத்து, இன்சுலின் எதிர்ப்பு வந்த குதிரைக்கு வெல்லமும் சர்க்கரைக் கட்டியும் நேராகக் காலில்தான் போய் அடிக்கும். நம்ம சர்க்கரை நோயின் ஒன்றுவிட்ட சகோதரன்னு வச்சுக்கோங்க.

22. கடற்கரையிலோ கல்யாண ஊர்வலத்திலோ குதிரையைப் பார்த்து ஏதாவது கொடுக்க ஆசையா? முதலில் வளர்ப்பவரைக் கேளுங்க. ஒரு பிடி புல் போதும். கேரட் என்றால் நீளவாக்கில் மெல்லிசாக நறுக்கிக் கொடுங்க, வட்டத் துண்டு தொண்டையில் சிக்கும். பிரெட், லட்டு, வெங்காயம், பூண்டு, அவகேடோ வேண்டாம். குதிரை தின்னாமல் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையில் புரண்டாலோ வளர்ப்பவரிடம் உடனே சொல்லுங்க. கால்நடை மருத்துவர் வரவேண்டிய நேரம் அது. நான் மனுஷங்களுக்கான டாக்டர், சிகிச்சை சொல்ல வேண்டியவர் அவர்தான்.

23. நம்ம வீட்டுக்கும் இதே கதைதான். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு நெய்யும் சோறும் குவித்து, 'உடம்புக்கு நல்லது'ன்னு கடையில் விதைப் பொடியும் வாங்கித் தருகிறோம். பிறகு ஒருநாள் திடீரென்று 'நாளையிலிருந்து ஓடுங்க' என்கிறோம். அன்பில் குறையே இல்லை. பாண்டிய லாயத்திலும் அன்பில் குறை இருந்ததா தெரியலை.

24. எந்த விதை, எந்த மூலிகை என்பது கடைசிக் கேள்வி. யாருக்கு, எவ்வளவு, அந்த உடம்பு எவ்வளவு அசைகிறது என்பவைதான் முதல் மூன்று கேள்விகள். இந்த வரிசையை மட்டும் மாத்திடாதீங்க.