காலுக்கு இறங்கிய கியர்

மோட்டார் சைக்கிளின் கியரைக் கையால் மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், பெட்ரோல் தொட்டியின் ஓரத்தில் வரிசையாக வெட்டப்பட்ட பள்ளங்களில் லீவர் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே வண்டி எந்தக் கியரில் ஓடுகிறது என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சியாக இருந்தபடியால், கியர் விழும்போது கைக்கு என்ன தோன்றுகிறது என்பதை எவரும் பெரிய விஷயமாக எண்ணவில்லை. 1928ஆம் ஆண்டு வாக்கில், பர்மிங்ஹாம் நகரத்து வெலோசெட் கம்பெனியில் பந்தய வீரராகவும் யந்திர நிபுணராகவும் விளங்கிய ஹரால்ட் வில்லிஸ், பாதத்தால் ஒருமுறை தட்டினால் ஒரே ஒரு கியர் மாத்திரம் மாறி, லீவர் உடனே தன் பழைய ஸ்தானத்துக்குத் திரும்பிவிடும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். கைப்பிடியை விடாமலே கியர் மாற்றும் சௌகரியம் அதனால் கிட்டியது. ஆனால் சாட்சி போய்விட்டது. முதல் கியரானாலும் நான்காம் கியரானாலும் லீவர் நிற்கும் இடம் ஒன்றேயாதலின், கியர் விழுந்ததா, பாதியில் நின்றதா என்பதை அறியப் பாதத்தின் ஸ்பரிசத்தையும் எஞ்சினின் ஒலியையும் தவிர ஓட்டுபவனுக்கு வேறு கதியில்லை என்றாயிற்று. பழைய வண்டிகளின் கியரைப் பற்றி இன்றளவும் கேட்கும் முறையீடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாறுதலில் பிறந்தவை என்பது என் அபிப்பிராயம்.

தார்ச்சாலையில் கியர் தவறினால் சற்றே வேகம் குறையும். மேட்டு நிலத்தில் தவறினால் போட்டியே போய்விடும். யார்க்‌ஷயரின் பாறையும் சேறுமான நிலத்தில் 1914இல் தொடங்கிய ஸ்காட் டிரையல், அதன் தூண்டுதலில் 1924இல் லண்டனுக்குத் தென்மேற்கே கேம்பர்லியில் நடந்து 'ஸ்கிராம்பிள்' என்ற பந்தய வகைக்கே ஆதியாக அமைந்த ஓட்டம் ஆகியவற்றிலிருந்து வளர்ந்த இந்த விளையாட்டில், டிரையல் போட்டிகளின் விதி வெகு கடுமையானது: குறிக்கப்பட்ட பகுதிக்குள் கால் தரையில் பட்டால் மதிப்பெண் இழப்பு, வண்டி நின்றுவிட்டால் அதைவிடப் பெரிய இழப்பு. கனத்த தோல் பூட்ஸ் அணிந்து, பாதக்கட்டைகளின்மேல் எழுந்து நின்று, வழுக்குப் பாறையில் முன்சக்கரத்தை நிதானித்துக்கொண்டிருக்கும் ஒருவன் குனிந்து லீவரைப் பார்ப்பதற்கில்லை. பார்த்தாலும் அது ஒன்றும் சொல்லாது.

இத்தகைய போட்டிகளில் பிரசித்தி பெற்ற வண்டிகளுள் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் புல்லட்டை எடுத்துக்கொள்வது பொருந்தும். பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் தாங்கல் பொருத்தி 1948இல் கோல்மோர் டிரையலில் அது வெளிப்பட்டபோது, கரடுமுரடான நிலத்துக்கு அது உதவாது என்று நினைத்தவர் பலர். அதே ஆண்டு இத்தாலியில் ஸான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட்டுகள் இருந்தன. பின்னர் ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலில் இதே வண்டியில் முதலிடம் பெற்றார். அதன் நான்கு கியர் பெட்டி ஆல்பியன் என்ற தனிக் கம்பெனியின் தயாரிப்பு. வலது காலால் ஒன்று மேலே, மூன்று கீழே என்பது அதன் முறை. அதோடு, குதிகாலால் அழுத்தினால் முதல் கியர் தவிர்ந்த எந்தக் கியரிலிருந்தும் நேரே நியூட்ரலுக்கு வந்துவிடும் சிறு லீவர் ஒன்றையும் வைத்தார்கள். விளம்பரத்தில் இது ஒரு விசேஷ வசதி. எனக்கோ, பாதத்தால் நியூட்ரலைத் தேடிப் பிடிப்பது எளிதன்று என்று அதை வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்டதாகத் தோன்றுகிறது.

பெட்டிக்குள் நடப்பது இதுதான்: பாதம் தட்டும் லீவர் ஒரு பற்சக்கரத்தை ஒரு பல் தூரம் தள்ள, அதனால் கவை ஒன்று நகர்ந்து, சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் பற்களை எதிர்ச் சக்கரத்தோடு பிணைக்கிறது, ஸ்பிரிங்கால் உந்தப்பட்ட முளை ஒன்று பள்ளத்தில் விழுந்து அந்த இடத்தைக் காக்கிறது. அந்த முளை விழும் சிறு அதிர்வையே கியரின் உணர்வு என்கிறோம். அது மங்கினால் உடனே பெட்டியைப் பிரிக்க முனைவது அநுபவமில்லாதவரின் வழக்கம். தேர்ந்த மெக்கானிக்கோ வெளியிலிருந்து உள்ளே போவார். வண்டி ஒருமுறை சாய்ந்திருந்தால் லீவர் வளைந்திருக்கலாம், பாதக்கட்டை மடங்கியிருக்கலாம், லீவரைப் பிடிக்கும் பற்கள் தேய்ந்து ஆடலாம். மேட்டு நில வண்டிகளில் முதல் சந்தேகம் இவற்றின்மேல்தான் விழவேண்டும்.

அதற்குப்பின் எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பார். நிறுத்திய வண்டியில் இதமாக விழும் கியர் ஓடும் வண்டியில் மட்டும் 'கடக்' என்று முரண்டினால், குற்றம் கியர் பெட்டியுடையதன்று. கிளட்ச் முழுவதும் விடவில்லை. கேபிளில் தளர்ச்சி அதிகமா, தட்டுகள் வளைந்தனவா, இரவெல்லாம் நின்றதில் எண்ணெய் பிசினாகி அவை ஒட்டிக்கொண்டனவா, தட்டுகளைத் தாங்கும் கிளட்ச் கூடையின் ஓரங்களில் தட்டின் காதுகள் பள்ளம் பறித்துவிட்டனவா என்று பிறகு தேடலாம். ஒட்டிய தட்டுகளை விடுவிக்க, கிளட்ச் லீவரைப் பிடித்தபடியே கிக்கரை உதைக்கும் வழக்கம் இதனால் வந்தது. ஒரு திசையில் நன்றாக மாறி மறு திசையில் குறைபட்டால், வெளி மூடிக்குள் இரண்டு நட்டுகளால் இறுக்கப்பட்ட நிறுத்துத் தகடு இடம் பெயர்ந்திருக்கும்; நீள்துளைகளில் அதைச் சிறிது நகர்த்தினாலே, இரண்டு கியர்களுக்கு இடையே கால் காணும் பொய் நியூட்ரல் பெரும்பாலும் மறைந்துபோகும். தட்டிய லீவர் நடுவுக்குத் திரும்பாவிட்டால், திருப்பும் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. ஆனால் கியர் திடமாக விழுந்து, ஏற்றத்தில் பாரம் ஏறியதும் தானே நழுவி வெளியேறினால் மாத்திரமே பற்களின் முனை மழுங்கியது என்றோ முளையின் ஸ்பிரிங் வலுவிழந்தது என்றோ தீர்மானித்துப் பெட்டியைத் திறக்க நியாயம் உண்டு. திறந்தபின் செலவு எவ்வளவு என்பதைப் பிரித்தவர்கள் அறிவார்கள்.

இந்திய ராணுவத்துக்காகப் புல்லட்டை வாங்கிய அரசின் தேவை, 1955இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியா பிறக்கக் காரணமாயிற்று. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்ட பிறகும், அந்த ஆல்பியன் பெட்டியும் வலது கால் முறையும் குதிகால் லீவரும் இங்கே பல பத்தாண்டுகள் மாறாமல் தொடர்ந்தபடியால், பிறந்த ஊரில் பழம்பொருளாகிவிட்ட ஒரு கியர் பெட்டியின் சிகிச்சை நம் பட்டறைகளில் அன்றாடத் தொழிலாகவே இருந்துவந்தது.

மேட்டு நிலத்திலோ புல்லட்டின் காலம் அதற்கு முன்பே முடிந்தது. 1965இல் ஸாமி மில்லர் ஸ்பானிய பல்டாகோ வண்டியில் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றபின், எடை குறைந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் ஆதிக்கம் பெற்றன. 1974இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி கியர் லீவர் இடப்புறமே இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, வலப்புறத்துக்கென்று வார்க்கப்பட்ட எஞ்சின்களை மாற்ற மனமில்லாத சில கம்பெனிகள், குறுக்கே ஒரு தண்டை ஓட்டி இணைப்புகள் வைத்துச் சமாளித்தன. ஒவ்வோர் இணைப்பும் தேயத் தேயச் சிறிது ஆட்டம் கூடி, பாதம் தட்டியதில் ஒரு பங்கு வழியிலேயே தொலைந்துபோகும். ஆதலால் அத்தகைய வண்டியில் கியர் சொதசொதவென்று விழுவதாகச் சொல்லும்போது, விஷயம் தெரிந்தவர்கள் முதலில் குறுக்குத் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, வலப்புறத்துப் பழைய தண்டிலேயே நேராக லீவரை மாட்டித் தட்டிப் பார்க்கிறார்கள்.