காலடிப்பேட்டையும் ஒரு டுபுடுபு சத்தமும்

போன வாரம் அமெரிக்காவுல இருக்குற நண்பன் ஒருத்தன் முப்பது செகண்டுக்கு ஒரு ஆடியோ அனுப்பியிருந்தான். முதல்ல கிணத்துக்குள்ள புலி உறுமுற மாதிரி, அப்புறம் சரசரன்னு ஏறி இடி. "மஸ்டாங்குக்கு புது எக்ஸாஸ்ட் போட்டிருக்கேன்டா, எப்படி இருக்கு?"ன்னு கேள்வி வேற. ரெண்டு தடவை கேட்டுட்டு, "எங்க மாமா கேட்டா உன்னை திட்டுவாரு"ன்னு பதில் போட்டேன். "ஏன், அவருக்கு கார் புடிக்காதா?"ன்னான். அவனுக்கு விளக்கமா எழுத உக்காந்தா அது பதிவாவே ஆயிடுச்சு. ஆகவே மக்களே, இன்னிக்கு கொசுவத்தி கொஞ்சம் பெருசா சுத்தப் போறேன்.

எங்க பேட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். காலடிப்பேட்டைன்னா யாரோ சாமியோட காலடி பட்ட இடம்னு தான் சின்ன வயசுல நெனச்சிட்டு இருந்தேன். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. 1717-லேர்ந்து 1720 வரைக்கும் மெட்ராஸுக்கு கவர்னரா இருந்த ஜோசப் காலெட் பேர்ல நெசவாளிகளைக் குடியேத்தி உண்டாக்கின ஊரு இது. காலெட் பேட்டை நம்ம வாயில உருண்டு காலடிப்பேட்டை ஆயிடுச்சு. இங்க இருக்குற கல்யாண வரதராஜ பெருமாள் கோயிலுக்கும் காலெட் துரைக்கும் முடிச்சு போட்டு ஒரு கதை சொல்வாங்க. கதை நல்லா தான் இருக்கும், ஆனா அது தனிப் பதிவு. 2021 பிப்ரவரியில மெட்ரோ வந்தப்போ ஸ்டேஷனுக்கும் இதே பேரை வெச்சாங்க. துரைக்கு முன்னூறு வருஷம் கழிச்சு ஒரு போர்டு!

தறிச் சத்தத்துல ஆரம்பிச்ச ஏரியா, இருபதாம் நூத்தாண்டுல மோட்டார் சத்தத்துக்கு மாறிடுச்சு. எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பலூன் செஞ்சு தான் தொடங்கிச்சு. டயர் எல்லாம் அப்புறம். எண்ணூர்ல அசோக் லேலண்டு. நடுவுல திருவொற்றியூர் நெடுஞ்சாலையில என்ஃபீல்டு. வெளியூர்க்காரனுக்கு அது ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரி. எங்களுக்கு வெறும் "கம்பெனி". அங்க வேலைக்கு போறவருக்கு பொண்ணு குடுக்க யோசிக்கவே மாட்டாங்க.

மாமா (அம்மாவோட தம்பி) அங்க தான் இருந்தாரு. 1968-ல சேர்ந்தவரு. ரிடையர் ஆகுற வரைக்கும் எஞ்சின் பக்கம் தான் வேலை. தெருவுல போற புல்லட்டைத் திரும்பியே பாக்காம "டேப்பட் லூசு", "பாயிண்ட் கேப் ஜாஸ்தி", "இவன் ஆயில் மாத்தி ஆறு மாசம் ஆச்சு"ன்னு சொல்லிட்டே இருப்பாரு. டாக்டருங்க நாடி புடிக்கிற மாதிரி.

கம்பெனி கதை உங்களுக்கு தெரிஞ்சது தான், சுருக்கமா சொல்றேன். இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊரு, ஊசி தயாரிப்புக்குப் பேர் போனது. அங்க சைக்கிள் செஞ்சிட்டு இருந்த கம்பெனிக்கு, என்ஃபீல்டுல இருந்த அரசாங்க துப்பாக்கித் தொழிற்சாலைக்கு பாகம் சப்ளை பண்ற ஆர்டர் கிடைச்சது. அதுல வந்த பேரு தான் ராயல் என்ஃபீல்டு. 'துப்பாக்கி மாதிரி செஞ்சது'ங்கிற விளம்பர வாசகமும் அதுல வந்தது தான். 1901-ல முதல் மோட்டார் பைக், 1932-ல முதல் புல்லட். 1950களோட முதல் பாதியில நம்ம ராணுவம் 350 சிசி புல்லட் 800 வண்டி வேணும்னு கேட்டுச்சு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்காரங்களும் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா. முதல்ல பாகம் பாகமா கப்பல்ல வந்து இங்க கோத்தாங்க. 1960கள் தொடக்கத்துல முழு வண்டியும் இங்கயே. 1967-ல ரெட்டிச் தொழிற்சாலையை மூடியாச்சு, 1970 வாக்குல இங்கிலாந்துல தயாரிப்பே நின்னுடுச்சு. 1977-ல திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ணாங்க. எந்த துரை எங்க பேட்டைக்கு பேர் வெச்சானோ அவன் ஊருக்கே வண்டி வித்தோம்னு மாமா இப்பவும் மீசையைத் தடவிக்குவாரு.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. அகலத்தை விட உயரம் ஜாஸ்தி. உள்ள யானைக்கால் மாதிரி கனமான ஃப்ளைவீல். அதனால தான் அது மெதுவா ஐடிலிங்ல நிக்கும், அணையாது. நாலு ஸ்ட்ரோக்குங்கிறதால ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான் வெடி. நிமிஷத்துக்கு 600 சுத்துன்னா செகண்டுக்கு அஞ்சு வெடி. காது ஒவ்வொண்ணையும் தனித்தனியா எண்ண முடியும். டுபு... டுபு... டுபு. ஹெட்லைட் மேல இருக்குற ஆம்மீட்டர் முள்ளு அந்த தாளத்துக்கு ஆடும் பாருங்க, அது ஒரு அழகு. ஸ்டார்ட் பண்றதும் ஒரு சடங்கு தான். கிக்கரை மெதுவா அமுக்கி, முள்ளு நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் புடிச்சு இன்னும் துளி இறக்கி, விட்டுட்டு, ஒரே உதை. தப்பா உதைச்சா கிக்கர் நம்மளைத் திருப்பி உதைக்கும். கால் வீங்காத புல்லட்காரன் அந்தக் காலத்துல கிடையாது.

நண்பனோட வி8 வேற ஜாதி. எட்டு சிலிண்டர், பக்கத்துக்கு நாலு. அமெரிக்க வி8-ல ரெண்டு பக்கமும் சீரா மாத்தி மாத்தி வெடிக்காது. சில நேரம் ஒரே பக்கத்துல அடுத்தடுத்து ரெண்டு வெடிக்கும். அந்த ஒழுங்கில்லாத தாளம் தான் குடுகுடுன்னு கேக்குற உறுமல். ரெண்டு பக்க குழாயையும் நடுவுல ஹெச் மாதிரியோ எக்ஸ் மாதிரியோ இணைச்சா குரலே மாறிடும். ஹெச்-னா கரகரப்பு, எக்ஸ்-னா கொஞ்சம் கீச்சுக் குரல். கேடலிடிக் கன்வர்ட்டரைத் தொடாம அதுக்கு பின்னாடி இருக்குறதை மட்டும் மாத்தறது அங்க பெரிய வியாபாரம். நம்மாளு பண்ணதும் அது தான்.

இங்க நமக்கு அத்தனை பெரிய பட்ஜெட் ஏது? புதுப்பேட்டை இருக்கே. ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்டு ஸ்டார், மெகாஃபோன், இந்தூர், பஞ்சாப், கிளாஸ்வூல்... பிரியாணிக் கடை மெனு மாதிரி நீளும். 2003-ல ஒரு செகண்ட் ஹேண்ட் புல்லட் வாங்கினேன். வாங்கின மாசமே கம்பெனி சைலன்சரைக் கழட்டிட்டு ஒரு ஷார்ட் பாட்டில் மாட்டினேன். உள்ள தடுப்பே கிடையாது, வெறும் குழாய். வீட்டு வாசல்ல வந்து ஒரு முறுக்கு முறுக்கினேன். திண்ணையில இருந்த மாமா பேப்பரை மடிச்சாரு.

"இன்னாடா இது? வண்டி வாங்குனியா, ஊசிப்பட்டாசு வாங்குனியா?"

"பவர் ஏறும் மாமா."

"யார்ரா சொன்னது? சத்தம் ஏறுச்சு, அவ்ளோ தான்."

அவர் சொன்னதுல பாதி எனக்கு அப்ப புரியல. இப்ப புரிஞ்ச அளவுக்கு சொல்றேன். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகை வெளிய ஓடுது. கூடவே ஒரு அழுத்த அலையும் குழாய்ல ஓடுது. குழாய் அகலமாகுற இடத்துல அந்த அலை தலைகீழா, அதாவது உறிஞ்சுற அலையா, திரும்பி வரும். அது சரியான நேரத்துக்கு வால்வுகிட்ட வந்து சேர்ந்தா மிச்சப் புகையையும் இழுத்துட்டு போகும். புது பெட்ரோல் காத்து உள்ள வர வழி கிடைக்கும். மெக்கானிக்குங்க இதைத்தான் "பேக் பிரஷர் வேணும்"னு சொல்றாங்க. உண்மையில எஞ்சினுக்கு வேண்டியது அடைப்பு இல்ல, அலையோட நேரக்கணக்கு. குழாயோட நீளமும் அகலமும் அந்தக் கணக்குல போட்டது. நாம கண்டதை மாட்டினா கணக்கு கெட்டுடும். அதோட புகை சுலபமா போறதால காத்து ஜாஸ்தி வரும். கார்புரேட்டர்ல ஜெட்டை மாத்தலைன்னா பெட்ரோல் பத்தாது. சூடு ஏறும். பெண்ட் பைப் நீலம் பூக்கும். ஆக்சிலேட்டரை விட்டா பட் பட்னு வெடிக்கும். நாங்க அதை ஸ்டைலுன்னு நெனச்சோம்!

எட்டே மாசம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்க நடுவுல வண்டி இழுக்காம நின்னுடுச்சு. எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கருகிப் போயிருந்தது. காசிமேடு தாண்டி வீடு வரைக்கும் தள்ளினேன். ஆனா வண்டி தள்ற பழக்கம் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு, அந்தக் கதையை சொல்லியே ஆகணும்.

எனக்கு மணலியில வேலை. காலையில அஞ்சரைக்கு கிளம்பணும். எதிர்வீட்டு அக்கா பிரசவம் முடிஞ்சு கைக்குழந்தையோட அம்மா வீட்டுக்கு வந்திருந்தாங்க. எங்க தெரு எவ்ளோ அகலம்னா, ஒரு ஆட்டோ நின்னா இன்னொண்ணு காத்திருக்கணும். நான் கிக்கரை உதைச்ச அடுத்த நிமிஷம் அந்தக் குழந்தை வீறிடும். ஒரு வாரம் யாரும் ஒண்ணும் சொல்லல. எட்டாவது நாள் அந்தக்கா வாசல்ல வந்து நின்னு, "தம்பி, ராத்திரி பூரா தூங்காம இப்ப தான் கண்ணசருது. மெயின் ரோட்டுல போய் ஸ்டார்ட் பண்ணிக்கிறியாப்பா?"ன்னாங்க. கோவமா சொல்லியிருந்தா பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அழுதுடுவாங்க போல இருந்துச்சு. அன்னிலேர்ந்து தினம் காலையில 170 கிலோ சொச்சத்தை மெயின் ரோடு வரைக்கும் தள்ளினேன். மாமா திண்ணையில உக்காந்து பாத்து சிரிப்பாரு. வால்வு போனப்போ கூட அவ்வளவு உறைக்கல, அந்தத் தள்ளல்ல தான் உறைச்சது.

இந்தப் பஞ்சாயத்து ஒண்ணும் புதுசு இல்ல. இங்கிலாந்துல புரூக்லாண்ட்ஸ் ரேஸ் டிராக் 1907-ல திறந்தது. 1924-ல அக்கம்பக்கத்து ஆளுங்க சத்தம் தாங்காம கோர்ட்டுக்கு போனாங்க. அதுக்கப்புறம் ரேஸ் வண்டிக்கே சைலன்சர் கட்டாயம் ஆச்சு. அதோட வடிவத்துக்கே 'புரூக்லாண்ட்ஸ் கேன்'னு பேர் வந்துடுச்சு. துப்பாக்கிக்கு சைலன்சர் செஞ்சு 1909-ல காப்புரிமை வாங்கின ஹிராம் பெர்சி மாக்சிம் தான் வண்டி எஞ்சினுக்கும் சைலன்சர் செஞ்சவரு. அவங்கப்பா மெஷின் கன் கண்டுபிடிச்சவரு! அப்பா பண்ண சத்தத்துக்கு மகன் பரிகாரம்.

இன்னொண்ணு கேட்டா சிரிப்பீங்க. ஃபோர்டு கம்பெனியில வண்டி எஞ்சினியரிங் தலைவரா இருந்த ஸ்டீவ் வான் ஃபோர்ஸ்டர்னு ஒருத்தர், தன் ஷெல்பி மஸ்டாங்கை வீட்டு வாசல்ல முறுக்கப்போய் பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸைக் கூப்பிட்டுட்டாங்க. அதுலேர்ந்து பிறந்தது 2018 மஸ்டாங்குல வந்த 'நல்ல அண்டைவீட்டார்' வசதி. ராத்திரி இத்தனை மணிலேர்ந்து காலையில இத்தனை மணி வரைக்கும் அடக்கமா ஸ்டார்ட் ஆகணும்னு வண்டிக்கே சொல்லி வெச்சிடலாம். குழாய்க்குள்ள இருக்குற வால்வு மூடிக்கும். நான் காலடிப்பேட்டையில கையால தள்ளினதை அவன் கம்ப்யூட்டர் வெச்சு பண்றான்.

நம்ம ஊர்லயும் சட்டம் இருக்கு. 175 சிசிக்கு மேல உள்ள ரெண்டு சக்கர வண்டிக்கு, தயாரிப்பு நிலையில 80 டெசிபல் தான் உச்சவரம்பு. சத்த விதியை மீறி ஓட்டினா, 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி பத்தாயிரம் ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயிலு. பல ஊர்ல போலீஸ் புடுங்கின சைலன்சரை வரிசையா அடுக்கி ரோடு ரோலர் ஏத்தினதை டிவியில பாத்திருப்பீங்க.

ஆனா ஒரு நியாயத்தையும் சொல்லணும். சைலன்சர் மாத்துறவன் எல்லாம் திமிர் புடிச்சவன் இல்ல. பழைய எஞ்சினோட குரல் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. 2008-09 வாக்குல எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒண்ணா சேர்ந்த புது எஞ்சின் வந்துச்சு. ஆயில் ஒழுகல் நின்னுச்சு, கிக்கர் உதை நின்னுச்சு, கூடவே அந்தத் தாளமும் மாறிடுச்சு. 2013-ல ஒரகடம் ஃபேக்டரி. 2017-ல பி.எஸ்.4, 2020-ல பி.எஸ்.6. இப்ப வர்ற 349 சிசி எஞ்சின் 72 போர், 85.8 ஸ்ட்ரோக். நல்ல வண்டி, குறையே சொல்ல மாட்டேன். பசங்க கடையில போய் ஓட்டைக் குழாய் வாங்கி மாட்டுறது, அவங்கப்பன் வண்டியில கேட்ட சத்தத்தைத் தேடி தான்னு எனக்கு ஒரு நெனப்பு. ஆனா அது அந்தக் குழாய்ல இல்ல. ஃப்ளைவீல்ல இருந்துச்சு.

வால்வு மாத்தினப்போ மாமாவே கூட உக்காந்தாரு. பரண்ல கிடந்த கம்பெனி சைலன்சரை இறக்கி, உள்ள கரி எடுத்து, புது கேஸ்கட் வெச்சு மாட்டினாரு. பாயிண்ட் கேப் பாத்து, ஐடிலிங் ஸ்க்ரூவைக் கால் கால் சுத்தா திருப்பினாரு. டுபு... டுபு... எதிர்வீட்டு அக்கா குழந்தையை இடுப்புல வெச்சிட்டு வாசல்லயே நின்னாங்க. குழந்தை ஆம்மீட்டர் முள்ளையே பாத்துட்டு இருந்துச்சு.

மாமாவுக்கு இப்ப எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு, காது மந்தம். நண்பன் அனுப்பின ஆடியோவை ஃபுல் சவுண்டுல வெச்சு அவர் காதுகிட்ட புடிச்சேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "எத்தினி சிலிண்டரு?"ன்னாரு.

"எட்டு மாமா."

"எட்டா? எண்ணவே முடிலயேடா."

அதை அப்படியே அவனுக்கு அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல :-)