நான்கு எழுத்தில் ஒரு காடு

ஆங்கிலம் நம்மிடம் கடன் பெற்ற சொற்களின் பட்டியல் ஒன்று தமிழ் வகுப்புகளில் தவறாமல் இடம்பெறும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று தொடங்கும் அப்பட்டியலை நாமும் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். இறுதியில் வருவது 'டீக்', நம் தேக்கு. ஒருமுறை பின்வரிசையிலிருந்து மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சொல்லை மட்டுமா எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம், மணியும் அடித்துவிட்டது. அன்று சொல்லாத விடையை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

ஆங்கில அகராதிகள் 'டீக்' என்பதற்குத் தரும் பொருள்கள் மூன்று: மரம், அதன் பலகை, அப்பலகையின் பொன் கலந்த பழுப்பு நிறம். தமிழில் இச்சொல்லின் பரப்பு இன்னும் பெரியது. வினையாக வந்தால் நீரைத் தடுத்து நிறுத்துதல். பெயராக வந்தால் ஏப்பமும் ஆகும். வயிறார உண்டவன் தேக்கெறிகிறான். ஒலி ஒத்திருப்பதாலேயே இவற்றுக்கெல்லாம் வேரும் ஒன்று என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும் கடல் கடந்தது மரப்பொருள் மட்டுமே என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் தேக்கு, கன்னடத்தில் தேகு, தெலுங்கில் டேக்கு. வடமொழியில் இம்மரத்தின் பெயர் சாகம், அரபியில் சாஜ், இந்தியில் சாக்வான். ஆங்கிலேயர் இந்தியாவில் முதலில் வேரூன்றிய துறைகளுள் ஒன்று வடக்கே உள்ள சூரத். அங்கு வழங்கிய பெயரை அவர்கள் எடுத்திருந்தால் இன்று ஆங்கிலத்தில் வேறொரு சொல் இருந்திருக்கும். அவர்களுக்கு முன்பே மேற்குக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் அங்குள்ளோர் வாயிலிருந்து கேட்ட பெயரைத் 'தெக்கா' என்று ஆக்கிக்கொண்டனர். அதுவே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. அதே காலத்தில் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' (1678–1693) என்னும் பெருநூலும் இம்மரத்தை அதன் மலையாளப் பெயராலேயே பதிவு செய்தது. பின்னர் இளைய லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயர் 'டெக்டோனா கிராண்டிஸ்'. கிரேக்கத்தில் தச்சனைக் குறிக்கும் 'டெக்டோன்' என்ற சொல்லையும் அப்பெயர் நினைவூட்டும்.

பெயருக்கு முன்பே மரம் பயணம் செய்திருக்கிறது. செங்கடற்கரையில் உரோமர் காலத்துத் துறைமுகமான பெரனிகேயில் அகழ்ந்தபோது, தமிழகத்துத் தொடர்பைச் சொல்லும் மிளகோடு தேக்குக் கட்டைகளும் கிடைத்தன. ஆனால் நம் பழைய பாடல்களில் தேக்கு கப்பலாக நம் மனத்தில் பதியவில்லை. அகநானூற்றிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் அது இலையாக வருகிறது. வழிச் செல்வோருக்கு உணவு குவித்து வைக்கும் கலமாகிறது. அன்று தேக்கு விருந்தோம்பலின் மரம்.

இனி ஒரு சொல்விளையாட்டு. சம்பந்தரின் மாலைமாற்று முதலாகச் சித்திரகவி வகைகள் பலவற்றைக் கண்டது தமிழ். ஆயினும் நம் உயிர்மெய் ஓரெழுத்தாகவே நிற்பதால், ஆங்கிலத்தைப் போல் எழுத்துகளைக் கலைத்து அடுக்கிப் புதுச்சொல் காண்பது நமக்கு எளிதன்று. ஆங்கிலத்தில் 'டீக்' என்பது டி, ஈ, ஏ, கே என்னும் நான்கு எழுத்துகள். அவற்றை மாற்றி அடுக்கினால் 'கேட்' என்ற பெண்பெயர் வரும். 'எடுத்துக்கொள்' என்னும் பொருளுடைய 'டேக்' வரும். ஓர் 'எஸ்' சேர்த்தால் மாட்டிறைச்சித் துண்டும், சறுக்குக் காலணியும், நட்ட மரக்கழியும் கிடைக்கும். அந்தக் கழியைக் குறிக்கும் சொல்லுக்கே சூதில் வைக்கும் பணயம் என்றும் பொருள்.

இவை தற்செயலே. எழுத்துகளின் அடுக்கு எதையும் மெய்ப்பிப்பதில்லை. ஆனால் மெய்ப்பிக்கும் சான்றுகள் வேறிடத்தில் இருக்கின்றன.

நெப்போலியனோடு நடந்த போர்களின் காலத்தில் ஆங்கிலக் கடற்படைக்கு ஓக் மரம் போதவில்லை. ஓக்கில் அடித்த இரும்பாணி அம்மரத்தின் அமிலத்தால் அரிக்கப்படும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கில் அது நிலைக்கும், கறையானும் எளிதில் அணுகாது. 1806இல் கேப்டன் வாட்சன் என்னும் காவல் அதிகாரி மலபார்க் காடுகளின் காப்பாளராக அமர்த்தப்பட்டார். பதவியின் பெயர் காப்பாளர். பணி கப்பலுக்குத் தேக்குச் சேர்ப்பது. தேக்கின் மீதான உரிமை கம்பெனியுடையது என்று அறிவிக்கப்பட்டது. தம் நிலத்தில் நின்ற மரத்தை உரியவரும் வெட்டக் கூடாதாயிற்று. எதிர்ப்பு வளர்ந்து, தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்தபோது 1823இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது.

அம்மரங்கள் பம்பாய்க் கப்பல் துறையில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களின் கையில் போர்க்கப்பல்களாயின. 1813இல் கடலிறங்கிய 'கார்ன்வாலிஸ்' கப்பலின் மேல்தான், 1842இல், சீனம் ஹாங்காங்கை விட்டுக்கொடுத்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. 1817இல் கடலிறங்கிய 'டிரின்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. திருகோணமலையின் பெயரையும் தேக்கின் உடலையும் தாங்கிய அக்கப்பல், நம் பட்டியலில் இரண்டு வரிகளுக்கு உரியது.

வெட்டித் தீர்ந்தபின் நடும் எண்ணம் வந்தது. 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கினார். உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்வர். கடின ஓடுடைய தேக்கு விதை எளிதில் முளைக்காது. அதை முளைக்கச் செய்து தோட்டத்தை வளர்த்தவர் சாத்து மேனன் என்னும் அதிகாரி. தோட்டத்துக்கு நிலைத்த பெயர் கனோலியுடையது.

பர்மாவில் கதை இன்னும் வெளிப்படையானது. தேக்குக் கட்டைகளுக்கு உரிய தொகையைச் செலுத்தவில்லை என்று கூறித் தீபா மன்னரின் அவை பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்குப் பெருந்தொகை தண்டம் விதித்தது. அவ்வழக்கைக் காரணமாக்கி 1885இல் ஆங்கிலப்படை மாண்டலேயை அடைந்தது. மன்னர் இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டு 1916இல் அங்கேயே இறந்தார். தென்னிந்திய மரப்பெயர் ஒன்று, அதை வழங்காத நாட்டின் முடியையும் பறித்தது.

நம் ஆனைமலையிலும் ஓர் இடம் இதற்குச் சான்று. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் அதற்கு 'டாப்சிலிப்' என்று பெயர். அங்கே தேக்குகளுக்கு நடுவே ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. சட்டைப்பை நிறைய விதையோடு நடந்து, கைத்தடியால் குழியிட்டு விதைத்துச் சென்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1933இல் இறந்த அவரது கல்லறையில், என் நினைவைத் தேடுபவர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் பொருள்பட இலத்தீனில் பொறித்திருக்கிறது. எடுத்தவர்களின் வரிசையில் கொடுத்தவர் ஒருவரும் இருந்தார் என்பதை மறைத்தால் நம் கணக்கும் பொய்க்கணக்காகிவிடும். ஆனால் அம்மரங்களை வெட்டியும் இழுத்தும் நட்டும் உழைத்த மலைமக்களின் பெயரைச் சொல்லும் கல்லறை எதையும் அங்கே நாம் கண்டதில்லை.

பட்டியலை நாம் இப்போதும் எழுதுகிறோம். சொல் கடனாகப் போனால் இருவரிடமும் இருக்கும். கொடுத்த மொழிக்குக் குறைவில்லை. மரம் அப்படியன்று, போனால் போனதுதான். ஆகவே 'டீக்' என்று எழுதியபின் அதே நான்கு எழுத்துகளைக் கலைத்து இன்னொரு முறையும் எழுதிக் காட்டுகிறோம். அந்த மாணவருக்கு நாம் தர வேண்டியிருந்த விடை அதுவே.